யார் வாயால் யார் கணக்கு?



அழைப்பிதழில் என் தலைப்பு கொஞ்சம் கனமாகவே அச்சாகியிருக்கிறது. அமெரிக்கரின் சமூக, மக்கள்தொகைப் போக்குகளைப் பற்றிய ஆய்வுகளை முன்வைத்துப் பேசச் சொன்னார்கள். அமெரிக்காவில் தொடங்குகிறேன். ஆனால் அங்கே அதிக நேரம் இருக்க மாட்டேன். எனக்குப் பழக்கமான களம் கடலூரும் சிதம்பரமும் சுற்றுப்பட்டு ஊர்களும்தான்.

வாஷிங்டனில் பியூ ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டில், 50 வயதுக்கு உட்பட்ட, இன்னும் குழந்தை பெறாத அமெரிக்கர்களிடம் அது ஒரு கேள்வி கேட்டது: இனிமேல் பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா? 47 விழுக்காட்டினர் அதற்கு வாய்ப்பில்லை, அல்லது மிகக் குறைவு என்றார்கள். 2018இல் அப்படிச் சொன்னவர்கள் 37 விழுக்காடு. அதே மையம் அரசுத் தரவுகளிலிருந்து இன்னொன்றையும் கணக்கிட்டுச் சொன்னது. 2021இல் அமெரிக்காவின் 40 வயதுக்காரர்களில் நான்கில் ஒருவர் ஒருமுறைகூடத் திருமணம் செய்துகொள்ளாதவர். 1980இல் அது 6 விழுக்காடு.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இப்படிப்பட்ட எண்கள் வந்தால், "பாரு, அமெரிக்காக்காரன் எப்படிக் கெட்டுப்போனான்" என்ற தொனியில் ஒரு பெட்டிச் செய்தி வரும். அதோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அந்த 47இல் வேறொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பதிலைச் சொன்னவர் யார்? அந்த ஆளேதான். கணவனுக்காக மனைவியோ, மகளுக்காக அப்பாவோ சொன்ன பதில் அதில் இல்லை.

இது தானாக நடந்துவிடவில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் யார் வந்து திறக்கிறாரோ அவரிடமே பேசிவிட்டு வருவதுதான் எந்தக் கணக்கெடுப்பாளருக்கும் சுலபம். அப்படிச் செய்தால், வேலைக்குப் போகாதவர்களும் வயதானவர்களும் கூடுதலாக மாட்டுவார்கள். பகலில் வீட்டில் இல்லாதவர்கள் விட்டுப்போவார்கள். 1949இல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் இதற்கு ஒரு சிறிய அட்டவணை செய்தார். வீட்டிலுள்ள வயதுவந்தோரை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் எத்தனையாவது ஆளைக் கேட்க வேண்டும் என்பதை அட்டவணை சொல்லும். அவர் வெளியே போயிருந்தால் திரும்பி வந்து கேட்க வேண்டுமே தவிர, திண்ணையில் இருப்பவரிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளக் கூடாது. உலகம் முழுக்கக் கருத்தாய்வுக்காரர்கள் இன்றும் அதை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகிறார்கள்.

எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பதே முக்கியம் என்று அமெரிக்கர்கள் கற்றுக்கொண்டது 1936இல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேலான பதில்கள் வந்தன. லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். அந்தப் பட்டியல்களில் வசதியானவர்கள் கூடுதல்; அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களிலும் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்கள் கூடுதல். மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்ன ஜார்ஜ் கேலப் அன்றுமுதல் பிரபலமானார்.

இன்று அவர்களுடைய தொல்லை வேறு. பியூ மையம் 1997இல் தொலைபேசியில் அழைத்தபோது 36 விழுக்காட்டினர் பதில் சொன்னார்கள். 2018இல் 6 விழுக்காடு. யாரும் போனை எடுப்பதில்லை. அதனால் முகவரிப் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, நிரந்தரக் குழுவாக வைத்து, இணையவழியில் கேட்கிறார்கள்.

நமக்கு அந்தத் தொல்லை இன்னும் அவ்வளவாக வரவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் எந்தத் தெருவிலும் படிவத்தோடு போய் நில்லுங்கள். பாய் விரிப்பார்கள், ஒரு சொம்புத் தண்ணீர் வரும், "எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்று கேட்பார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார், எதிர் வீட்டு அம்மா வந்துவிடுவார். கேள்வி ஒருவருக்கு, பதில் தெருவுக்கு. "கடன் எவ்வளவு இருக்கு?" என்று நீங்கள் கேட்டால், வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் எதிர் வீட்டு அம்மா ஒரு தொகை சொல்லுவார்.

அந்த நடுக்கூடத்தில் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர். பெரியவர் என்றால் ஆண். கணக்கெடுப்பின் விதிகளும் ஒரு தலைவரைத்தான் தேடச் சொல்கின்றன: குடும்பத் தலைவர் யார், மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு என்றுதான் படிவம் தொடங்கும். ஒருவர் வாயால் ஐந்து பேர் வாழ்க்கை பதிவாகும். அமெரிக்காவில் மட்டும் இப்படியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அரசு மாதந்தோறும் எடுக்கும் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பிலும் வீட்டில் ஒருவரைக் கேட்டு மற்றவர்களையும் எழுதிக்கொள்வதுதான் வழக்கம். கருத்தைக் கேட்கும்போது அவரவரைக் கேட்கிறார்கள். நடப்பு விவரத்தைக் கேட்கும்போது யாரைக் கேட்டாலும் போதும் என்கிறார்கள். கருத்து மனசுக்குள் இருப்பது, விவரம் வெளியே எல்லாருக்கும் தெரிவது என்பது அதன் அடிப்படை.

இந்த அடிப்படை எங்கே ஆட்டம் காண்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அதற்கு முன் ஓர் ஊருக்குப் போய்வர வேண்டும்.

1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றிப் பாடம் நடத்தப் புத்தகம் போதவில்லை என்று பார்த்து, மாணவர்களையே தங்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். ஒரு கேள்விப்பட்டியல் கொடுத்தார். எத்தனை வீடு, யார் யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, என்ன சாப்பாடு, எவ்வளவு கடன். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் வடமலைபுரம் உண்டு, கங்கைகொண்டான் உண்டு, பாலகுறிச்சி, தூசி உண்டு. நம் தென்னார்க்காட்டிலிருந்து இருவேல்பட்டு. இன்றைக்கு அந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கிறது. 1993இல் மாவட்டம் இரண்டாகப் பிரிகிற வரை கடலூர்தான் அதற்கும் தலைநகர்.

ஸ்லேட்டரோடு முடிந்திருந்தால் அது ஒரு பழைய புத்தகம், அவ்வளவே. முடியவில்லை. 1936-37இல் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கு மறுபடி போனார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் அவற்றில் சிலவற்றுக்குப் போனார். 1980களின் தொடக்கத்தில் ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த எஸ். குஹனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்தார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பார்த்துக்கொண்டே வந்த பதிவு இந்தியாவில் அதிகம் கிடையாது. நம் மாவட்டத்தின் பழைய எல்லைக்குள் இருந்த இதை நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

முதல் கணக்கில் ஊரின் முகம் என்ன? பெரிய நிலக்கிழார்களான ரெட்டியார் குடும்பம், வன்னியர் குடிகள், சேரியில் தலித்துகள், அவர்களில் பலர் படியாட்கள். படியாள் என்றால் ஆண்டுக் கணக்கில் ஒரு வீட்டுக்கே கட்டுப்பட்டு, நெல்லாகக் கூலி வாங்குகிறவர். கடன் வாங்கியதால் கட்டுப்பட்டவர். கடைசிக் கணக்கில் அந்தப் படியாள் முறையே இல்லை. நிலக்கிழார் ஆதிக்கம் தளர்ந்துவிட்டது. ஆண்கள் ஊருக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள். ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் வந்த பிறகு, அடுத்த வேளைச் சோற்றுக்காக ஒரு வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய நிலை தேய்ந்துவிட்டது.

இதெல்லாம் பெரிய செய்திதான். ஆனால் நான் பார்ப்பது 1916இல் ஸ்லேட்டரின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன வாயை. அன்று பல்கலைக்கழகத்தில் படித்த மாணவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருப்பான்? ஊருக்கு வந்து யாருடைய திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை விரித்திருப்பான்? நிலக் கணக்கு கர்ணத்திடம், கூலிக் கணக்கு மிராசுதாரிடம். படியாள் என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு கடன் பட்டிருக்கிறான் என்பதையும் படியளக்கிறவரே சொன்னால் அது எவ்வளவு விவரம், எவ்வளவு கருத்து?

அதே 1916இல் இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். சேரிப் பிள்ளைகள் எழுத்துக் கற்க ஒரு பள்ளி. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு பக்கம் கணக்கெடுக்கப்படுகிறவர்கள், இன்னொரு பக்கம் அவர்களே கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளும் முயற்சி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

யாரைக் கேட்டோம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே இன்னொரு சான்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி. வி. நாராயணசாமி நாயுடு 1941இல் தென்னார்க்காட்டு வேர்க்கடலைச் சந்தையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1946இல் சென்னை மாகாண அரசுக்காக கிராமக் கடனை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். போர்க்காலத்தில் விலைவாசி ஏறியதால் மாகாணத்தின் மொத்தக் கிராமக் கடன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவர் நிலக்காரர், சிறு விவசாயி, குத்தகைதாரர், கூலி என்று பிரித்துப் பார்த்தார். பெரிய நிலக்காரர்கள் கடனை அடைத்திருந்தார்கள். நிலமற்ற கூலிகளின் கடன் கூடியிருந்தது.

அந்த அடிப்படை ஆட்டம் காணும் இடத்துக்கு, வேலை பற்றிய கேள்விக்கு, இனி வருகிறேன்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவாளர் வீடு. "தறி யார் நெய்றாங்க?" என்று கேட்டால் பதில் வரும். அந்தத் தறிக்கு நூலைத் தார் சுற்றுவது யார் என்று படிவத்தில் கேள்வி கிடையாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள். கொட்டையின் பால் பட்டுத் தோல் உரிந்து, விரல்கள் கறுத்துப்போயிருக்கும். வாசலில் நிற்கும் கணவரிடம் "வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேளுங்கள். "வேலை எதுவும் இல்லீங்க, சும்மா வீட்லதான் இருக்காங்க" என்பார். களப்பணிக்குப் போன காலத்தில் இந்தப் பதிலை நான் கேட்டுக்கேட்டுச் சலித்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது வேலை இல்லை. கடலோரத்தில் கருவாடு காயப்போடும் பெண்ணைக் கேட்டால் அவரே "வேலைக்கெல்லாம் போறதில்லப்பா" என்று சொல்லிவிடுவார். சம்பளம் கைக்கு வருவதுதான் வேலை என்று நாம் எல்லோரும் சேர்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இதைத்தான் நடப்பு விவரம் என்று எண்ணி யாரைக் கேட்டாலும் சரி என்கிறோம். வேலையா இல்லையா என்பது கருத்தாகத்தான் பதிவாகிறது; விவரம் என்ற பெயரில்.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. பெண்கள் அமைப்புகள் வலியுறுத்தியதன் பேரில், 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்வதையும் வேலையாகச் சேர்த்துக் கேட்கும்படி கேள்வி விரிவாக்கப்பட்டது. எண்களில் கொஞ்சம் மாற்றம் வந்தது. இருந்தும் 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 31.8 விழுக்காட்டினர்தான் வேலை செய்பவர்கள் என்று கணக்கு. தமிழ்நாட்டில் வயல்வெளிகளைப் பார்த்த யாராவது இதை நம்புவார்களா?

கேள்வி கேட்கும் முறையை மாற்றினால் எண் எப்படி மாறுகிறது என்பதற்கு 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நல்ல உதாரணம். அதில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் அவரவரிடமே கேட்க முயன்றார்கள். நேற்று விடியற்காலை தொடங்கி, அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று. வேலை செய்கிறீர்களா என்ற ஒரே கேள்வியோடு நிறுத்தவில்லை. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டதாக வந்தது. ஈடுபட்ட ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. "சும்மா வீட்ல" என்ற பதிலுக்குள் ஐந்து மணிநேரம் இருந்தது.

அவரவரைக் கேட்பதற்கும் எல்லை உண்டு. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போன மகனைப் பற்றி அம்மாவிடமோ மனைவியிடமோதான் கேட்க முடியும். ஆள் இங்கே இல்லை. எவ்வளவு அனுப்புகிறார் என்றால், பக்கத்தில் மாமியார் நின்றால் ஒரு தொகை, நிற்காவிட்டால் இன்னொரு தொகை. புலம்பெயர்வு ஆய்வு செய்பவர்கள் இந்தச் சங்கடத்தோடுதான் காலம் தள்ளுகிறார்கள்.

இன்னொரு எல்லையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் யாரும் மக்கள்தொகையைப் பற்றிப் பேசக் கூடாது என்றே நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். ஆறு வயது வரையுள்ளோரில் 1000 ஆண் குழந்தைக்கு 896 பெண் குழந்தை. மாநிலத்துக்கு 943. நமக்கு அடுத்த அரியலூர் 897, பெரம்பலூர் 913.

இதை எந்த வாயும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த வீட்டிலும் "ஸ்கேன் பார்த்தோம், பெண் என்று தெரிந்தது, கலைத்தோம்" என்று யாரும் சொல்லப் போவதில்லை. 1994இல் சட்டம் வந்த பிறகு அது குற்றம். அவரவரைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாலும் வராத பதில் அது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா என்று கணக்கெடுக்க வந்த டீச்சர் கேட்டபோது உண்மையைத்தான் சொன்னார்கள். அந்தச் சின்னச் சின்ன உண்மைகளைக் கூட்டியபோது, யாருமே சொல்லாத பெரிய உண்மை வெளியே விழுந்தது. முழுக் கணக்கெடுப்பின் பெருமை இதுதான். தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற மாதிரி ஆய்வுகள் ஒரு மாவட்டத்தில் ஏறத்தாழ 900 வீடுகளுக்குப் போகும். அதில் வரும் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்து மாவட்டத்துக்குப் பாலின விகிதம் சொல்ல முடியாது. சொன்னால் ஆய்வுக்கு ஆய்வு எண் தாவும்.

அந்த 896 வெறுமனே அச்சில் கிடக்கவும் இல்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011 எண்கள் வெளியானதும் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கு விரிவாக்கப்பட்டது. பிறந்த பிறகு காப்பாற்றும் திட்டம் பிறக்கும் முன்னே நடப்பதற்கு என்ன செய்யும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. அது தனிச் சொற்பொழிவுக்கான விஷயம்.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த வட்டாரம் பார்த்துவிட்டது. 2021 பிப்ரவரியில் வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அண்மைக்காலத் தரவு இல்லை என்பது. கையில் இருந்தது 1980களில் அம்பாசங்கர் ஆணையம் வீடு வீடாக எடுத்த கணக்கு. ஒதுக்கீடு சரியா தவறா என்பது வேறு வாதம். ஆனால் நாற்பது வருஷம் பழைய படிவத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வாதாட முடியாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் கேட்கப்படும். காகிதத்துக்குப் பதில் செல்போன் செயலி. விரும்பினால் வீட்டில் இருப்பவர்களே இணையத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்குப் புதிதாகத் தெரிகிறது. நூறு வருஷமாகப் பதில் சொல்லிவந்த திண்ணைப் பெரியவருக்கு அந்தச் செயலி கைவராது. நிரப்பப் போவது கல்லூரிக்குப் போகும் மகனோ மகளோ. அதாவது இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள். அதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் அரசுப் பதிவில் குடும்பத் தலைவி என்ற இடத்தில் நிற்கிறார்கள். மாதாமாதம் வங்கிக் கணக்கில் வரும் ஆயிரம் ரூபாய்க்குத் தலைவி. கணக்கெடுப்புப் படிவத்தில் தலைவர் யார் என்ற முதல் கட்டத்தில் நீங்கள் யார் பெயரை எழுதப் போகிறீர்கள்? இதற்கு விதி ஒன்றும் ஆண் என்று சொல்லவில்லை. குடும்பம் யாரைத் தலைவராகச் சொல்கிறதோ அவர்தான்.

வேலை பற்றிய கேள்விக்கு வரும்போது உங்கள் ஊகத்தில் "இல்லை" என்று தட்டிவிடாதீர்கள். அம்மாவைக் கூப்பிடுங்கள். "வேலை பார்க்கிறியா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார். போன வருஷம் நடவுக்கு எத்தனை நாள் போனார், களை எடுக்க எத்தனை நாள், மாடு யார் பொறுப்பு, கடையில் யார் உட்கார்ந்தது, முந்திரி உடைத்தாரா, தார் சுற்றினாரா, பூக் கட்டினாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 183 நாளைத் தொட்டால் முதன்மை உழைப்பாளர் (main worker), தொடாவிட்டால் குறு உழைப்பாளர் (marginal worker) என்பதே இதுவரை வந்த கணக்கெடுப்பின் அளவுகோல். அப்பாவிடம் கேட்டு வரும் நாட்களையும் அம்மாவிடம் கேட்டு வரும் நாட்களையும் தனித்தனியாக ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருகிறவருக்கு அது உதவும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.